பத்துப் பாகத்து வெளிச்சம்

முத்துக்குளிப்பு என்றதும் எல்லாரும் சுறாவையும் மூச்சடக்கலையும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளிச்சம். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது. கடைசிச் சலாபம் வரை என் அப்பா குளித்தார். அவர் ஒருமுறை சொன்னது: "மேல வச்சுப் பாத்தா ரத்தம் செவப்பு. பார்ல கை கிழிஞ்சா கருப்பாத்தாம்ல தெரியும்." பார் என்றால் சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத்திட்டு.

பிறகு நான் அறிவியல் வாத்தியாராகி, அதே சங்கதியைப் பாடமாக நடத்தினேன். சூரிய ஒளியில் சிவப்பைக் கடல் முதல் சில பாகத்துக்குள்ளேயே விழுங்கிவிடும். தெளிந்த கடலில் ஆழம் வரை போவது நீலம். கரையோரம் கொஞ்சம் கலங்கியிருந்தால் அது பச்சையாகும். பத்துப் பாகம் என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். அங்கே சிப்பிக்கும் பாறைக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. உருவத்தையும் கைத்தடவலையும் நம்பித்தான் ஒரு மூச்சுக்குள் பையை நிரப்ப வேண்டும்.

சலாபத்தின் காலத்தையும் இந்த வெளிச்சத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் காற்று தொடங்கும் முன், மார்ச்சிலிருந்து மே வரை கடல் அடங்கித் தெளிந்திருக்கும். ஏப்ரல் தொடங்கி மே நடுவரை குளிப்பு நடப்பதாக 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். படகுகள் இரவிலேயே கரைக்காற்றைப் பிடித்துப் போய், விடிந்ததும் குளிப்பைத் தொடங்கி, நண்பகலில் கடற்காற்றில் திரும்பும். காற்றுக்காகத்தான் இந்த நேரம் என்பார்கள். காற்று சரி, அடியில் கண் தெரிய வேண்டாமா?

இந்த நீலத்துக்குப் பழகியது குளிகாரன் மட்டுமல்ல. கடல் மீன்களில் பெரும்பாலானவற்றின் கண் நீலத்தையும் பச்சையையும்தான் நன்றாகப் பிடிக்கும். மிகச் சிறிய நாக்டிலூகா உயிரிகள் இருட்டில் அலை அடித்தால் நீலமாக மின்னுவதும் அந்த நிறம் நீரில் தூரம் போகும் என்பதால்தான். நிலா இல்லாத இரவில் மீன் கூட்டம் ஓடும் தடத்தை அந்த மினுக்கத்தை வைத்தே கண்டுபிடித்த வலைக்காரர்கள் உண்டு. முகமே இல்லாத முத்துச்சிப்பிக்கும் வெளிச்சத்தோடு உறவு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழுவினர் 1973இல் வேப்பலோடையில் உருண்டை முத்தை விளைவித்தார்கள். 1981இல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சே பிறந்தது. அந்தக் குஞ்சு நீரில் மிதந்து திரியும் பருவத்தின் கடைசியில் அதன் உடம்பில் ஒரு கண்புள்ளி தோன்றும். அதன் பிறகுதான் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு இரையாகும் நுண்பாசியை டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்த்தார்கள்.

குளிகாரர்கள் கடல் கொடுத்த வெளிச்சத்துக்குள் வேலை செய்தார்கள். வெளிச்சத்தைக் கடலுக்குள் கொண்டுபோனது பின்னால் வந்த தொழில். ஜெனரேட்டர் ஏற்றிய விசைப்படகில் எல்இடி விளக்குகளை வரிசையாகக் கட்டி, மீனை ஈர்க்க இரவில் எரியவிடுகிறார்கள். வெள்ளையாகத் தெரிகிற அந்த எல்இடிக்குள் இருப்பது நீல விளக்குதான். மேலே பூசிய மஞ்சள் பூச்சு அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு நல்ல விளக்கு, மறுக்கவில்லை. ஆனால் கடலில் அந்த நீலம் ஆழம் வரை இறங்குகிறது. முதலில் நுண்ணுயிர் கூடும், அதைத் தின்ன நெத்திலியும் சாளையும் வரும், அவற்றைத் தேடிக் கணவாயும் பெரிய மீனும் வரும். குஞ்சு, சினை என்று பார்க்காமல் சுருக்குமடி வலை மொத்தத்தையும் வளைத்துவிடும். மறுநாள் வல்லத்தில் போகிறவனுக்கு வெறும் வலைதான்.

ஒன்றிய அரசு 2017 நவம்பர் 10ஆம் நாள் விளக்கு வைத்து மீன்பிடிப்பதைத் தடை செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் ஒன்றிய அரசின் பொறுப்பு. ஆணை இரண்டு பக்கமும் ஒரே கண்டிப்போடு நடக்க வேண்டும். விளக்குக் கட்டிப் போகிறவன் நம்ம ஊர்க்காரனாகவே இருந்தாலும் காட்டிக்கொடுங்கள்.