அரபிக் கடலின் விளக்கு மீன்: அரை மூச்சில் வாழும் சிற்றுயிர்

அரபிக் கடலின் நடு ஆழத்தில் பெருந்திரளாக வாழும் சிறு மீன்களுள் முதன்மையானது 'பெந்தோசீமா டெரோட்டம்'. ஏறத்தாழ 250 இனங்களைக் கொண்ட விளக்கு மீன் குடும்பத்தைச் சேர்ந்த இது, பெரும்பாலும் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளமே வளரும்.

இதன் வயிற்றுப் பகுதியிலும் பக்கவாட்டிலும் முத்துப் பதித்தாற்போல் ஒளி உறுப்புகள் அமைந்துள்ளன. மேலிருந்து கசியும் மங்கிய வெளிச்சத்தில் தன் உடலின் நிழலுருவம் கீழிருக்கும் பகைமீன்களுக்குப் புலப்படாதிருக்க, அதே அளவு நீல ஒளியை இம்மீன் உமிழ்கிறது. இங்கு விளக்கு பயன்படுவது வெளிச்சம் காட்டுவதற்கன்று, மறைந்துகொள்வதற்கே.

பகலில் சுமார் 200 முதல் 300 மீட்டர் ஆழத்தில் தங்கும் இம்மீன்கள், அந்தி சாய்ந்ததும் மேற்பரப்பை நோக்கி எழும்பி நுண்ணிய விலங்கு மிதவை உயிரிகளை உண்ணும். விடியுமுன் மீண்டும் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோனார் கருவிகள் கடலின் இடையே ஒரு 'போலித் தரையை'க் காட்டின. அது இரவில் மேலேறுவதும் கண்டறியப்பட்டது. விளக்கு மீன் போன்ற உயிரினங்களின் கூட்டமே அத்தோற்றத்துக்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. மீன்களின் காற்றுப்பைகள் ஒலியை எதிரொலிக்கின்றன.

வியப்புக்குரியது இதன் பகல்நேர உறைவிடமே. அரபிக் கடலில் ஏறத்தாழ 150 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரையிலான நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. உலகப் பெருங்கடல்களில் இத்தகைய மிகத் தடித்த அடுக்குகளுள் இதுவும் ஒன்று. சூரை போன்ற வேகமான வேட்டை மீன்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்க இயலாத அந்நீரே விளக்கு மீனுக்குப் பகல் முழுதும் புகலிடமாகிறது. ஆயினும் மேலே வரும் இரவுகளில் சூரை, கணவாய் முதலியவற்றுக்கு இது இரையாகிறது.

இதன் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவே. செவிக்கல்லில் நாள்தோறும் படியும் வளையங்களை எண்ணி வயது கணிக்கப்படுகிறது.

அரபிக் கடலில் இத்தகைய நடு ஆழ மீன்களின் இருப்பு சுமார் 10 கோடி டன் என 1980களில் மதிப்பிடப்பட்டது. இந்தியாவின் ஆண்டுக் கடல்மீன் பிடிப்போ 35 லட்சம் டன் அளவினது. எண்ணிக்கை ஆசையூட்டினும், அதனை உடனே அள்ளத்தக்க வளமாகக் கருதுவது பொருந்தாது. மீன்கள் பரந்த கடலில் சிதறியிருக்கின்றன. நுண்கண்ணி வலைகள் தேவை. எண்ணெய்ப்பசை மிகுந்த உடல் விரைவில் கெட்டுவிடும். மீன்தூள், மீனெண்ணெய் ஆகியனவே இதற்கான பெரும்பயன்பாடுகளாகக் கருதப்படுகின்றன.

மறுபுறம், மேற்பரப்பில் உண்டு ஆழத்தில் கழிவிடும் இம்மீன்கள் கரிமத்தைக் கடலின் ஆழத்துக்குச் சுமந்து செல்கின்றன. பெருமளவில் பிடித்தால் இப்பணியும் பெரிய மீன்களின் இரையும் ஒருங்கே குறையும். கொச்சியைத் தளமாகக் கொண்ட 'சாகர் சம்பதா' ஆய்வுக் கப்பல் இந்தியக் கடற்பகுதியில் இம்மீன்களை ஆராய்ந்துள்ளது. கேரளத்தின் கொல்லம் கடற்பகுதியில் ஆழ்கடல் இறால் வலைகளில் இவற்றின் உறவினங்கள் தற்செயலாகச் சிக்குவதும் உண்டு.