ஓசை அடங்கிய தட்டெழுத்துப் பொறி

தட்டெழுத்துக் கற்றுப் பிழைப்புத் தேடி வடக்கே வந்த நம்மவர்க்கு அப்பொறியின் படபடப்பு நன்கு பழக்கம். அதனை அடக்க முனைந்தவர் வெல்லிங்டன் பார்க்கர் கிட்டர் என்னும் அமெரிக்கர். ஏனைய பொறிகளில் எழுத்துக்கோல் வீசி வந்து தாளை அறையும். அவர் அமைத்ததிலோ தாளை நெருங்கி அழுத்தும், அவ்வளவே. அதைச் செய்த நாய்ஸ்லெஸ் நிறுவனம் 1924-இல் ரெமிங்டனோடு இணைந்தது. பின்னர்க் கையில் எடுத்துச் செல்லும் சிறு பொறியும் வந்தது. ஓசையற்றது என்று விற்றனர். மெல்லோசையது என்போம் நாம்.

ஆண்டுகள் செல்ல, தாளைத் தாங்கும் உருளையின் ரப்பர் கல்லாக இறுகும்; பொறியின் குரலும் கடுக்கும். புது ரப்பர் போர்த்தி, அடியில் தடித்த கம்பளத் துணி விரித்தால் பழைய மென்மை திரும்பும். பம்பாயின் ஓரறைக் குடித்தனத்தில், குழந்தை உறங்கும் வேளையில் வேலைக்கு விண்ணப்பம் தட்டெழுதியவர்க்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.