பல சரங்களில் பொதுமை தேடல்: அட்டவணையும் மரமும் பிரிந்த வரலாறு

முன்னுரை

பல சரங்களுக்குப் பொதுவான பகுதியைக் கண்டறிவது நிரலாக்கத்தின் அடிப்படைச் சிக்கல்களில் ஒன்று. இது இரு வகைப்படும். பொதுவான எழுத்துகள் இடைவிடாமல் அடுத்தடுத்து வரவேண்டும் என்றால் அது பொதுத் துணைச்சரம். வரிசை மாறாதவரை இடையில் வேறு எழுத்துகள் வரலாம் என்றால் அது பொதுத் துணைத்தொடர். இரண்டு சரங்களுக்கு இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். சரங்கள் பெருகும்போது முன்னது எளிதாகவே இருக்க, பின்னது கைமீறிப்போகிறது. இந்த வேறுபாடு 1970களில் தெளிவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அட்டவணை வழி

சால் நீடில்மேனும் கிறிஸ்டியன் வுன்ஷும் 1970இல் புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிடும் முறையை வெளியிட்டனர். ஒரு வரிசையை மேலேயும் மற்றதைப் பக்கவாட்டிலும் வைத்து அட்டவணை அமைத்து, கணக்கிட்டு முடித்த கட்டங்களின் துணையால் அடுத்த கட்டத்தை நிரப்புவது இதன் சாரம். துணைத்தொடர் தேடலும் இதே அட்டவணைக்குள் அடங்கும். 1976இல் ஜேம்ஸ் ஹன்ட்டும் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராயும் யுனிக்ஸின் ‘டிஃப்’ நிரலுக்கான அல்காரிதத்தை விளக்கினர். கோப்பின் ஒவ்வொரு வரியையும் ஓர் எழுத்தாகக் கொண்டு துணைத்தொடர் தேடும் அல்காரிதம் அது.

மூன்றாவது சரம் சேர்ந்தால் அட்டவணை கனசதுரமாகிவிடும். 100 எழுத்துகள் கொண்ட 5 சரங்களுக்கு 1000 கோடிக் கட்டங்கள் வேண்டும். சரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்றால், இரண்டே எழுத்துகள் உள்ள அகரவரிசையிலும் இச்சிக்கல் ‘என்பி-கடினம்’ என்று டேவிட் மேயர் 1978இல் நிறுவினார். விரைவான பொதுத்தீர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை அத்தோடு பெரிதும் தளர்ந்தது.

மர வழி

இரு சரங்களின் மிக நீண்ட பொதுத் துணைச்சரத்தை, அவற்றின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் கண்டறிய முடியாது என்று டொனால்ட் நூத் 1970இல் கருதினார். பீட்டர் வீனர் 1973இல் அக்கருத்தைத் தகர்த்தார். சரத்தின் எல்லாப் பின்னொட்டுகளையும், அதாவது ஏதேனும் ஓர் எழுத்தில் தொடங்கி இறுதிவரை செல்லும் பகுதிகளை, ஒரே மரத்தில் அடுக்கினால், பொதுவான தொடக்கம் உடையவை ஒரே கிளையில் சேரும். பல சரங்களை இப்படி அடுக்கி, எல்லாச் சரங்களின் பின்னொட்டுகளும் கடந்துசெல்லும் மிக ஆழமான கணுவைக் கண்டால் அதுவே விடை. எட்வர்ட் மெக்கிரைட் 1976இலும் எஸ்கோ உக்கோனன் 1995இலும் மரம் கட்டும் முறையை எளிமையாக்கினர். இதற்கிடையில், உடி மேன்பரும் ஜீன் மையர்ஸும் 1990இல் முன்வைத்த பின்னொட்டு அணி, மரம் கேட்ட நினைவகத்தை வெகுவாகக் குறைத்தது.

மரக்கலம், அடைக்கலம், பொற்கலம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் பொதுவானது ‘கலம்’. முதல் இரண்டுக்கு மட்டும் ‘க்கலம்’. ஆனால் யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு. குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் நிரல், க், ற் ஆகியவற்றில் புள்ளியைத் தாங்கும் எழுத்தைக் கழற்றிவிட்டு, புள்ளியில் தொடங்கும் ஐந்து குறியீடுகளைப் பொதுச்சரம் என்று தரும். அப்படித் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. எனவே சரங்களை முதலில் தமிழ் எழுத்துகளாகப் பிரித்த பிறகே மரத்தில் ஏற்றவேண்டும்.

முடிவுரை

இரு வழிகளும் பிரிந்ததற்கான காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. எந்தத் துணைச்சரமும் ஏதோ ஒரு பின்னொட்டின் தொடக்கப் பகுதியே. 20 எழுத்துள்ள சரத்துக்குப் பின்னொட்டுகள் 20தான். புதிய சரம் சேரும்போது மரத்தில் அதன் நீளத்துக்கேற்ற சுமையே கூடும். அதே சரத்தில் எழுத்துகளை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்கவோ 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. ஆகவே ‘இடைவிடாமல்’ என்ற நிபந்தனையைச் சிறு கட்டுப்பாடாகக் கருதிவிடக் கூடாது. சிக்கலைத் தீர்க்கத்தக்கதாக்குவதே அதுதான். பல சரங்களை ஒப்பிட முனையும் நிரலாளர் தமக்கு வேண்டியது துணைச்சரமா துணைத்தொடரா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். துணைத்தொடர்தான் வேண்டும் என்றால், சரங்கள் பெருகும்போது தோராயமான விடைக்கும் அவர் ஆயத்தமாக இருக்கவேண்டும்.