சின்சினாட்டி பழைய பொது நூலகம்

சின்சினாட்டி பழைய பொது நூலகம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரின் வைன் தெருவில் இருந்த நூலகக் கட்டடம். 1874 முதல் 1955 வரை நகரின் தலைமை நூலகமாக விளங்கிப் பின்னர் இடிக்கப்பட்டது. அதன் நடுக்கூடத்தின் ஒளிப்படங்கள் இன்றும் உலகெங்கும் பார்க்கப்படுகின்றன.

இங்கே முதலில் எழும்பத் தொடங்கியது ஓர் ஆப்பரா அரங்கு. அது முடிவடையாமல் நின்றபோது, நூலகத்தை அந்நாளில் நடத்திவந்த கல்வி வாரியம் அதை வாங்கியது. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் மெக்லாஃப்லின் அதை நூலகமாக மாற்றி அமைத்தார். மொத்தச் செலவு 3,80,000 டாலரைத் தாண்டியது. வாசலுக்கு மேல் ஷேக்ஸ்பியர், மில்டன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆகியோரின் கல் தலைச்சிற்பங்கள் இருந்தன. இடிப்பில் தப்பிய அவை இப்போது புதிய நூலகத்தின் பொறுப்பில் உள்ளன.

கட்டடத்தின் உயிர் நடுக்கூடம்தான். கூரைக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் சதுரங்கக் கட்டமிட்ட பளிங்குத் தரைவரை இறங்கும். சுற்றிலும் ஐந்தடுக்கு வார்ப்பிரும்பு மாடங்கள். அவை நிறையப் புத்தகங்கள். ஏறி இறங்கச் சுழல் படிக்கட்டுகள். மேலடுக்கிலிருந்து எடுத்த படங்களில் கீழே நாளிதழ் படிப்பவர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிகிறார்கள்.

அந்த உயரமே பெருங்குறையும் ஆனது. கட்டட வேலை நடந்த காலத்தில் நூலகராக இருந்த வில்லியம் பூல், கூடம் திறக்கப்படுமுன்பே சிகாகோ நூலகத்துக்குப் போய்விட்டார். உயர்ந்த கூடமும் மாட அடுக்குகளும் கொண்ட நூலக அமைப்பையே அவர் 1881இல் வாஷிங்டனில் கூடிய நூலகர் மாநாட்டில் கடுமையாகக் கண்டித்தார். வெப்பம் மேலே தேங்கித் தோல் அட்டைகளைக் கெடுக்கும், ஊழியர்கள் ஏறி இறங்கியே சலித்துப்போவார்கள், கூடத்தின் நடுவெளி வீணாகும் என்பன அவர் வாதங்கள். பின்னாளில் சின்சினாட்டியிலும் இடநெருக்கடி முற்றியது. புத்தகங்களை இரட்டை வரிசையில் அடுக்க வேண்டியதாயிற்று, காற்றோட்டமும் போதவில்லை.

1944இல் புதிய நூலகத்துக்கான கடன்பத்திர நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது. 1955 ஜனவரியில் அதே தெருவில் புதிய கட்டடம் திறக்கப்பட, பழையது தனியாருக்கு விற்கப்பட்டுச் சில மாதங்களில் தரைமட்டமானது. இடமாற்றம் தவிர்க்க முடியாதது. ஆனால் அத்தகைய ஒரு கூடத்தை வேறு பயனுக்காகவாவது காப்பாற்றியிருக்க வேண்டும். பழைய மனையில் இன்று அலுவலகக் கட்டடமும் வாகன நிறுத்துமிடமும் உள்ளன. வுடி கார்பர் நவீன பாணியில் வடிவமைத்த 1955ஆம் ஆண்டுக் கட்டடம், பின்னர் விரிவாக்கப்பட்டு, தலைமை நூலகமாகத் தொடர்கிறது.