செத்த காரில் ஓடின கார்

யாழ்ப்பாணத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ40ஐத் திருத்த வெளிக்கிடுறவர் முதலில் தேடுறது இன்னொரு ஏ40ஐத்தான்: வேலியோரம் உக்கிக் கிடக்கிற, இனி ஓடவே ஓடாத ஒன்றை. அதைக் கழட்டித்தான் இதை ஓட்டலாம்.

இது வெறும் சிக்கனம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977க்குப் பிறகு சந்தை திறந்தது. ஆனால் வடக்குக்குப் போர் வந்தது. 1990இல் தொடங்கின பொருளாதாரத் தடையில் பெற்றோலும் உதிரிப்பாகமும் அருமையாகின. கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால் அது தாங்கினது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலக்க, எஞ்சின் கெதியாத் தேய்ந்தது. புதுப் பாகம் வர வழியில்லை. அப்ப, நின்று போன காரிடம்தான் கேட்க வேணும்.

இப்ப அந்தக் கார்களை வாங்க வாறவர்கள் 'எல்லாம் ஒரிஜினலா?' என்று கேட்கினம். தடைக்காலத்தில் ஓடின காரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதில்லை. எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து, எந்த வருசம் வந்தது என்றதுதான். அது தெரிஞ்ச மெக்கானிக்மாருக்கு வயசு போகுது. வேலியோரக் கார்களும் பழைய இரும்பாக நிறுத்து விலைப்படுகுது. உங்கட ஊரிலும் ஒன்று கிடந்தால், லொறி வர முதல் போய்க் கேளுங்கோ.