ரயான் லார்கின்: ஒரே வரியில் முடியாத கதை

பிரமாதமாகப் பாடுவார், தத்ரூபமாக வரைவார், ஆனால் "ஹும்... குடியால கெட்டுப் போயிட்டாரு" என்று ஒரே வரியில் நாம் முடித்துவிடும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ பல குடும்பங்களில் உண்டு. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும், கல்யாணத்துக்குப் போனால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. அந்த ஒரு வரி போதாது என்று எனக்கு உறைக்க வைத்தது ஒரு கனடா நாட்டுப் படம். 2004-இல் கிறிஸ் லாண்ட்ரெத் இயக்கிய 'ரயான்'. ஓடுவது 14 நிமிடம்தான். 2005-இல் ஆஸ்கர் வாங்கியது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ரயான் லார்கின் 1943-இல் மாண்ட்ரியலில் பிறந்தவர். இளம் வயதிலேயே அண்ணனைப் படகு விபத்தில் பறிகொடுத்தவர். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்து, அனிமேஷன் மேதை நார்மன் மெக்லாரனிடம் தொழில் கற்றார். 1968-இல் அவர் செய்த 'வாக்கிங்' ஐந்தே நிமிடம். மனிதர்கள் நடக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கோட்டிலும் நீர்வண்ணத்திலும் ஒவ்வொருவர் நடையும் ஒவ்வொரு குணத்தைச் சொல்லும். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1972-இல் 'ஸ்ட்ரீட் மியூசிக்'. அதன்பின் கொக்கெய்ன், குடி, வேலையை முடிக்க முடியாத தவிப்பு. 70களின் பிற்பகுதியில் வாரியத்தை விட்டு வெளியேறியவர், கடைசியில் மாண்ட்ரியலில் வீடற்றோர் விடுதியில் தங்கி, தெருவில் சில்லறை கேட்டு நின்றார்.

2000-இல் ஒட்டாவா அனிமேஷன் விழாவின் தேர்வுக் குழுவுக்கு அவரை அழைத்தார்கள். அதே குழுவில் இருந்தவர்தான் லாண்ட்ரெத்.

அவர் எடுத்த படத்தில் குரல்கள் நிஜப் பேட்டியில் பதிவானவை. உருவங்கள் மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்தவை. மனசுக்குள் இருக்கும் காயம் உடம்பில் தெரியும். லார்கினின் தலையில் பாதிக்கு மேல் காணோம்! பேட்டி எடுப்பவர் முகமும் முழுசாக இல்லை.

என்னை உலுக்கியது ஓர் இடம். "குடியை விட்டுவிடுங்களேன்" என்று லாண்ட்ரெத் சொல்ல ஆரம்பிக்கும்போது அவர் தலைக்கு மேல் ஒரு ஒளிவட்டம் எரிகிறது. லார்கின் கோபத்தில் வெடிக்கிறார். ஒளிவட்டம் நொறுங்குகிறது. லாண்ட்ரெத்தின் அம்மாவும் குடிப்பழக்கத்தால் அவதிப்பட்டவர் என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது. எதிரில் இருப்பவருக்குச் சொன்ன புத்திமதி உண்மையில் யாருக்கானது? புத்திமதி சொல்வதில் நாமெல்லாம் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே!

ஒருவரின் வீழ்ச்சியைப் படமாக்கி இன்னொருவர் விருது வாங்குவது நியாயமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் இந்த இயக்குநர் தன்னையும் அதே மேஜையில், அதே உடைந்த முகத்தோடு உட்கார வைத்துக்கொண்டார். அதனால்தான் படம் இரக்கப் பிச்சையாகப் போகவில்லை.

படம் வந்தபின் லார்கின் மறுபடி வரைய ஆரம்பித்தார். 2007 பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்துபோனார். பாதியில் நின்ற அவர் படத்தை மற்றவர்கள் முடித்து 2008-இல் வெளியிட்டார்கள். பெயர் 'ஸ்பேர் சேஞ்ச்', அதாவது சில்லறை.

பார்ப்பதாக இருந்தால் 'வாக்கிங்'கை முதலில் பாருங்கள், 'ரயானை' அப்புறம். ஒரு மனிதர் எதை இழந்தார் என்று பேசுவதற்கு முன்னால், அவரிடம் என்ன இருந்தது என்று தெரிய வேண்டாமா? நம் வீட்டுச் சித்தப்பாக்களுக்கும் இது பொருந்தும்.