கண்ணீர் சிந்தும் மரங்களின் தீவு



மரப்பட்டையைக் கீறி, அதில் வடியும் பாலைக் கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, பால்வெட்டுக் கத்தியோடு நிரைக்குப் போனவர்களின் குடும்பங்கள் நம்முடையவை. இதேபோல் மரத்தைக் கீறி வாழும் மக்கள் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றிலும் இருக்கிறார்கள். அதன் பெயர் கியோஸ். இன்று நாம் அங்கே போய், ஊரைச் சுற்றிப் பார்த்து, அவர்கள் வீட்டுப் பலகாரத்தையும் ருசித்து வருவோம்.

கியோஸ் ஈஜியன் கடலின் கிழக்கே, துருக்கி நாட்டுக் கரைக்கு மிக அருகில் உள்ளது. நீலக் கடல், கல் மலைகள், ஒலிவ மரங்கள், ஆரஞ்சுத் தோட்டங்கள் என்று கண்ணுக்கு இனிய தீவு. ஆனால் அதற்குப் புகழ் தேடித் தந்தது தென்பகுதியில் வளரும் மஸ்திக் மரந்தான். மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆளுயரத்தைவிடச் சற்றே உயரமாக, முறுக்கிய கிளைகளோடு நிற்கும். மத்தியதரைக் கடலோரம் வேறு இடங்களிலும் இம்மரம் உண்டு. ஆயினும் விற்பனைக்குரிய நல்ல பிசின் தருவது கியோஸின் தென்பகுதி மரங்களே.

கோடையில் மரத்தடியைக் கூட்டிச் சமன் செய்து, வெள்ளை மண்ணைத் தூவுகிறார்கள். பிறகு பட்டையில் சிறு சிறு கீறல்கள் இடுகிறார்கள். பிசின் துளித்துளியாகக் கசிந்து, அந்த வெள்ளை மண்ணில் விழுந்து இறுகுகிறது. நாம் மரத்தில் மங்கு கட்டினோம். அவர்கள் தரையையே மங்காக்கிக் கொண்டார்கள்! மழை வந்தால் நமக்கு வேலை கெடுவதுபோல அவர்களுக்கும் விளைச்சல் கெடும். ஆகவே மழைக்கு முன் பொறுக்கிவிட வேண்டும். குளிர்காலத்தில் பெண்கள் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு மணியாகச் சிறு கத்தியால் சுரண்டித் தூய்மை செய்வார்கள். இத்தனை பாடுபட்டும் ஒரு மரம் ஆண்டுக்குத் தருவது பெரும்பாலும் கால் கிலோவுக்கும் குறைவே. இத்துளிகளைக் 'கண்ணீர்' என்றே அவர்கள் அழைக்கிறார்கள்.

அந்தக் கண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. 1346-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் தீவைக் கைப்பற்றினர். மஸ்திக் வாணிபம் முழுவதும் அவர்களது கம்பெனியின் கைக்குப் போயிற்று. பிர்கி, மெஸ்தா போன்ற ஊர்களைப் பாருங்கள். நம் லயத்து வீடுகள்போல வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஊரின் ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே மதிலாகின்றன. நடுவே ஒரு கோபுரம். கடற்கொள்ளையரிடமிருந்து மக்களைக் காத்த அந்த மதிலே சரக்கையும் காத்தது. விளைவித்தவனே பிசினை ஒளித்து வைத்தால் கடுந்தண்டனை காத்திருந்தது.

1566-இல் தீவு துருக்கிய சுல்தானிடம் சென்றது. மஸ்திக் ஊரார் வரியைப் பிசினாகவே செலுத்தினர். அதற்காகச் சில சலுகைகளும் பெற்றனர். கிரேக்க விடுதலைப் போரின்போது, 1822-இல், சுல்தானின் படைகள் இத்தீவில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றன. பலரை அடிமைகளாக விற்றன. மஸ்திக் ஊர்கள் முதலில் தப்பின. காரணம் இரக்கம் அன்று. அரண்மனைக்குப் பிசின் வேண்டியிருந்தது! 1912-இல் தீவு கிரேக்க நாட்டோடு இணைந்தது.

விடுதலை வந்தும் நல்ல விலை வரவில்லை. 1938-இல்தான் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வாங்குவோர் சொன்ன விலைக்குத் தனித்தனியே தலையாட்டியவர்கள் ஒன்றாக நின்று விற்கத் தொடங்கினார்கள். 2012-இல் காட்டுத்தீ ஏராளமான மரங்களை எரித்தபோதும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. கிளைகளை வெட்டி நட்டு வளர்த்தார்கள். 2014-இல் யுனெஸ்கோ நிறுவனம் இத்தொழிலறிவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று ஏற்றுக்கொண்டது.

சரி, பசிக்கிறதா? பிர்கியின் வீட்டு முகப்புகளில் சிறு தக்காளிகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. குளிர்காலச் சமையலுக்கு அவைதான் துணை. ஈஸ்டர் ரொட்டியில் மஸ்திக் பொடி மணக்கிறது. விருந்தினர் வந்தால், வெண்ணிற மஸ்திக் இனிப்பைக் கரண்டியில் எடுத்து, குளிர்ந்த நீர் நிறைந்த குவளைக்குள் அமிழ்த்தித் தருகிறார்கள். அதற்கு 'நீர்மூழ்கிக் கப்பல்' என்று வேடிக்கையாகப் பெயர்! இனிப்பைச் சுவைத்து, அந்த நீரையும் பருக வேண்டும்.

ஒருகாலத்தில் ஒளித்து வைத்தால் தண்டனை பெற்றுத் தந்த பொருள், இன்று அவர்கள் விரும்பி விருந்தினருக்குக் கொடுக்கும் இனிப்பாயிற்று. மரம் அதேதான், கீறும் கையும் அதேதான். அந்தக் கை இன்று தனித்து நிற்கவில்லை என்பதே வேறுபாடு. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள் நேயர்களே.